விதைக்கு நேர்ந்து விட்ட செண்டுமல்லி

என் கை பட்ட செடி பிழைத்ததாகச் சரித்திரம் கிடையாது. பெரம்பலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மாடியில் ஒரு ரோஜாத் தொட்டி இருக்கிறது. அதில் ரோஜாவைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும்: துணி மாட்டும் கிளிப்பு, தேய்ந்த பிரஷ், மத்தியான நேரத்தில் பக்கத்து வீட்டுப் பூனை. "வெறும் தண்ணியிலயே வளரும் சார், நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்" என்று நர்சரிக்காரர் சத்தியம் பண்ணிக் கொடுத்த மணி பிளான்ட், நான் ஒன்றுமே செய்யாமல் இருந்தும் காய்ந்துபோனது. "நீங்க அதப் பாத்திருப்பீங்க" என்றாள் என் மனைவி.

இப்படிப்பட்ட ஆளைத்தான் ஆறாம் வகுப்புக்குத் தாவரங்களைப் பற்றிப் பாடம் நடத்தச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நானும் கூச்சப்படாமல் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் கீழப்பழுவூர்ப் பக்கம். காலையில் பெரம்பலூரில் பஸ் ஏறி, அரியலூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் டிப்பர் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய்ச் சேர வேண்டும். இறங்கும்போது தலை முழுக்க நரைத்திருக்கும். தட்டினால் பாதி நரை போய்விடும். மீதி என்னுடையது. எங்கள் பிள்ளைகளிடம் இலை வரையச் சொன்னால் வரைந்துவிட்டு வெள்ளையாகவே விட்டுவிடுவார்கள். ஏன் பச்சை அடிக்கவில்லை என்று கேட்டால், "லாரி போயிருக்கு சார்" என்பார்கள்.

அந்த ஆறாம் வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அப்பா டிப்பர் ஓட்டுகிறவர். நான் எதைச் சொன்னாலும் அவளிடம் அதற்கு ஒரு கேள்வி தயாராக இருக்கும். மனசுக்குள் அவளுக்கு நான் வைத்திருந்த பெயர் எதிர்க்கட்சி. ஒருநாள் கரும்பலகையில் பூவைக் குறுக்காக வெட்டின மாதிரி படம் போட்டு, சூல்பை எப்படிக் கனியாகிறது, அதற்குள் விதை எப்படி உண்டாகிறது என்று நான் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தபோது எதிர்க்கட்சி எழுந்தது.

"சார், பூவுல ஏது சார் வெத?"

"இவ்வளவு நேரம் அதத்தானம்மா சொல்லிக்கிட்டிருக்கேன்?"

"பருத்திக்கு இருக்கு. கத்திரிக்கு இருக்கு. நான் பூவச் சொல்றேன் சார். செண்டுமல்லி மாதிரி. தலயில வைக்கிறது, சாமிக்குப் போடுறது."

"அதுவும் பூதானே? அதுலயும் விதை வரும்."

"அதான் பறிச்சிடுவோமே. அப்பறம் எப்படி வரும்?"

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கூட்டணி சேர்ந்தான். "எங்கம்மா காஞ்ச மாலய உதுத்துக் கொல்லையில போட்டுச்சு சார். ஒண்ணுமே மொளைக்கல."

வகுப்பே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. நான் யோசித்துப் பார்த்தேன். பருத்தியும் சோளமும் சின்ன வெங்காயமும் போட்டுப் பழகின குடும்பத்துப் பிள்ளைகள். மண்ணில் எதை எப்போது போடுவது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் அந்த ஊரில் வயசாகி இயற்கையாகச் செத்த செண்டுமல்லி ஒன்றுகூடக் கிடையாது. விடிவதற்குள் பறித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் மாரியம்மனுக்கு, மற்ற நாளில் வீட்டுச் சாமிப் படத்துக்கு, லாரிக் கண்ணாடிக்கு, கடைசியாகப் போகிறவருக்கு. பூத்த பூவைச் செடியிலேயே காய விடுவது வீட்டுக்கு ஆகாது என்று வேறு சொல்லுவார்கள். பூவுக்கு விதை உண்டு என்பது அந்தப் பிள்ளைகளுக்கு நான் விடுகிற ரீல் மாதிரி தெரிந்ததில் தப்பில்லை.

"சரி, வளத்தே காட்டறேன்" என்று சொன்னேன். யார் வளர்ப்பது என்று அப்போது யோசிக்கவில்லை.

பள்ளிச் சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவே நீளமாக ஒரு புறம்போக்கு இடம். ஊர்க் குப்பை அங்கேதான் விழும். ஊராட்சித் தலைவரைப் போய்ப் பார்த்தேன். நூறு நாள் வேலையில் மண் சுமந்து, அங்கே எல்லோருக்கும் நியாயம் பேசிப் பேசியே தலைவரானவர். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்த எடத்த லாரி நிறுத்தக் கேட்டு டிரைவருங்க ரொம்ப நாளா நடக்குறாங்க சார். ரோட்டுல நிறுத்துனா புள்ளைங்களுக்கு இடஞ்சல், அதுவும் நெசந்தான். ஒண்ணு பண்ணலாம். இந்தத் தடவ நாத்து நான் எறக்கித் தரேன். அடுத்த தடவைக்கு வெதய நீங்களே உண்டாக்கிக்கணும். பொங்கலுக்குள்ள ஒங்க வெத மொளைச்சிருந்தா எடம் புள்ளைங்களுக்கு. மொளைக்கலன்னா லாரிக்கு. என்னாங்க?"

"விதை என்னங்க தலைவரம்மா, மூட்டை மூட்டையாத் தரேன்" என்றேன். வாய் மட்டும் எனக்கு எந்தக் காலத்திலும் பட்டுப்போனதில்லை.

கூட வந்திருந்த எதிர்க்கட்சி வெளியே வந்ததும் கேட்டாள். "சார், எங்கப்பாவும் அந்த எடத்தக் கேட்டவருதான், தெரியுமா?"

"தெரியாதே. அப்ப நீ யார் கட்சி?"

"மொதல்ல வெத வருதான்னு பாப்போம் சார்" என்றாள்.

ஆடியில் நாற்று வந்து இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே மண்வெட்டியோடு வந்துவிட்டது. குப்பையை வாரியபோது செருப்புகளும் பாட்டில்களும் ஒரு பிரஷர் குக்கர் மூடியும் கிடைத்தன. மூடியை எதிரே டீக்கடை வைத்திருக்கிற அக்கா, "அட, இது எங்க வூட்டுது!" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். வரிசை நேராக வர வேண்டும் என்று நான் கயிறு பிடித்தேன். கயிறு நேராகத்தான் இருந்தது, நான்தான் கோணலாக நின்றேனாம். நட்ட வரிசை பாம்பு போல வளைந்து போனதைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க அப்படி நெழல்ல உக்காருங்க" என்று பிள்ளைகள் மரியாதையாக என்னை அப்புறப்படுத்தினார்கள். அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது.

பாடம் அந்த இடத்துக்குக் குடிபெயர்ந்தது. லாரி புழுதி இலையில் படியப் படியப் பிள்ளைகள் ஈரத் துணியால் துடைத்தார்கள். ஒரு செடியை மட்டும் துடைக்காமல் விடச் சொன்னேன். சில வாரங்களில் மற்றதெல்லாம் இடுப்புயரம் வந்தது. துடைக்காத செடி மட்டும் பரீட்சையில் பெயிலானவன் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டு நின்றது. இலைக்கு மூச்சு விடத் துளைகள் உண்டு என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் செடிக்காகப் பாவப்பட்டு யாரோ ரகசியமாகத் துடைத்துவிட்டதால் பரிசோதனை பாதியில் நின்றது, அது வேறு விஷயம்.

முதல் ஆபத்து நாலு காலில் வந்தது. கருப்பசாமிக்கு நேர்ந்து விட்ட கிடா ஒன்று ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. காதில் வெட்டு, கழுத்தில் மஞ்சள் துணி. யார் கொல்லையில் வேண்டுமானாலும் மேயும். யாரும் அடிக்க மாட்டார்கள், விரட்டக்கூட மாட்டார்கள். சாமி சொத்து. எங்கள் வரிசைப் பக்கம் அது வந்தபோது நான் அசையவே இல்லை. "கவலைப்படாதீங்க. செண்டுமல்லி வாசத்துக்கு ஆடு கிட்டயே வராது" என்று பிள்ளைகளுக்கு அறிவியல் சொன்னேன். கிடா அதைக் கேட்டுக்கொண்டே கடைசிச் செடியைத் தின்றது. பிறகு அதற்கு முந்தின செடியை.

நான் குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தெருவே கத்தியது. "சார்! அடிச்சிடாதீங்க! நேர்ந்து விட்டது!" டீக்கடை அக்கா ஓடி வந்து கிடாவுக்கு முன்னால் நின்று கை கூப்பி, "போ சாமி, அந்தப் பக்கம் போயிடு சாமி" என்றார். சாமி மென்று முடித்துவிட்டுத்தான் போனது. போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் ஒரு சக ஆசிரியரின் அலட்சியம் இருந்தது.

புரட்டாசியில் பூத்தது. ரோட்டோரம் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாக எரிந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒரு பூ இருக்காது. விடியற்காலையிலேயே பறித்துவிடுவார்கள். வகுப்பில் எதிர்க்கட்சி ஜன்னல் வழியாக வெறும் செடிகளைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். பூ நிற்காவிட்டால் விதை இல்லை. விதை இல்லாவிட்டால் ஜன்னலுக்கு வெளியே லாரி. அதை அவள் வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

நான் ஒரு போர்டு எழுதி நட்டேன். 'பூக்களைப் பறிக்காதீர்.' கொட்டை எழுத்து, கீழே ஒரு கோடு. மறுநாள் வந்து பார்த்தால் ஒரு பூவும் இல்லை. போர்டுக்கு ஒரு செண்டுமல்லி மாலை போட்டிருந்தது.

டீக்கடையில் கேட்டேன். அக்கா தயங்கவே இல்லை. "நான்தான் சார் போட்டேன். புது போர்டு, மொட்டையா நின்னுது. பாக்க நல்லாவா இருக்கு?"

"அக்கா, அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"படிச்சேனே. யாரும் சும்மா பறிக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கீங்க? நாங்க எங்க சும்மா பறிச்சோம்? சாமிக்குத்தான் பறிச்சோம்."

அன்றைக்கு வகுப்பில் பாடம் நடக்கவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முள்வேலி போடலாம் என்றான் ஒருவன். நாய் கட்டலாம் என்றான் இன்னொருவன். எதிர்க்கட்சி கடைசியில் எழுந்தாள்.

"சார், அன்னைக்கு அந்தக் கெடா நம்ம செடியத் தின்னுச்சுல்ல. நீங்க ஏன் சார் அடிக்கல?"

"அடிக்கத்தான் போனேன். ஊரே தடுத்துடுச்சு. நேர்ந்து விட்டதாச்சே."

"செடிய நேர்ந்து விட்டா?"

எனக்குள் இருந்த அறிவியல் ஆசிரியர் எழுந்து நின்றார். "அது தப்பும்மா. சாமி பேரச் சொல்லி ஊர ஏமாத்தக் கூடாது."

"சாமி பேர யாரு சார் சொல்லப் போறா? வெதைக்கு நேர்ந்து விட்டதுன்னு சொல்லுவோம். நெசந்தானே அது?"

அறிவியல் ஆசிரியர் உட்கார்ந்துவிட்டார்.

எந்தச் செடிகளை நேர்வது என்று பிள்ளைகளே பார்த்துப் பொறுக்கினார்கள். தண்டு தடியாக இருக்க வேண்டும், பூச்சி விழுந்திருக்கக் கூடாது, மொட்டு பெரிதாக இருக்க வேண்டும். புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிற தேர்வு முறையை அவர்கள் ஒரு பீரியடில் முடித்துவிட்டார்கள். நடுவில் இருந்த செழிப்பான செடிகளுக்குப் பழைய வேட்டியைக் கிழித்து, மஞ்சளில் முக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டினார்கள். வேட்டி என்னுடையது. பிள்ளைகள் போனில் கேட்டதும், எனக்குத் தெரியாமல் என் மனைவி என் சாப்பாட்டுப் பைக்கு அடியிலேயே வைத்து அனுப்பியது என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஓரத்துச் செடிகள் எப்போதும் போல மொட்டை. நடுவில் மஞ்சள் துணி கட்டின செடிகளில் பூக்கள் அப்படியே இருந்தன. ஒரு காம்பு கூடக் கிள்ளப்படவில்லை. என் போர்டுக்கு இல்லாத மரியாதை என் பழைய வேட்டிக்கு.

இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில நாளில் செடிகளுக்கு அடியில் குங்குமம் தென்பட்டது. பிறகு எலுமிச்சம்பழம். ஒரு வெள்ளிக்கிழமை நான் வந்தபோது டீக்கடை அக்கா ஒரு செடியின் வேரை ஒட்டிச் சூடம் ஏற்றிக்கொண்டிருக்க, இன்னொரு அம்மா பால் சொம்போடு காத்துக்கொண்டிருந்தார். சூடம் ஏற்றி முடித்துவிட்டு அக்கா என்னிடமே கேட்டார். "பூசை எத்தன மணிக்கு சார்?" பெரம்பலூரில் ஒரு மணி பிளான்ட்டைக் காப்பாற்ற வக்கில்லாதவன், கீழப்பழுவூர்ப் பக்கம் பூசாரி ஆகிவிட்டேன்.

எதிர்க்கட்சிதான் வகுப்பை விட்டு ஓடி வந்தாள். "அத்த! வேருகிட்ட கொளுத்தாதீங்க! வெந்துடும்!"

"சாமிக்குடி."

"சாமிக்கு இல்லத்த. வெதைக்கு. நாங்க மொதல்லயே சொன்னோம்ல?"

"சரி, எதுக்கோ. நேர்ந்தது நேர்ந்ததுதான். ஒண்ணும் செய்யாம போகச் சொல்றியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தண்ணி ஊத்துங்க. நல்ல தண்ணி. காலையில மட்டும். மேலேருந்து எல படுற மாதிரி ஊத்துங்க."

அக்காவுக்கு அது அபிஷேகமாகப் பட்டது. அவளுக்கு அது புழுதி கழுவுவது. மறுநாளிலிருந்து தெருப் பெண்கள் சொம்பும் கையுமாக வந்து இலை இலையாகக் கழுவிவிட்டுப் போனார்கள். எங்கள் வட்டாரத்திலேயே லாரிப் புழுதி படாத செடிகள் அவைதான். ஒளிச்சேர்க்கைக்கு இத்தனை பக்தர்கள் கிடைப்பார்கள் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. அந்தப் பெண்களிடம் இலையின் துளைகளைப் பற்றி எங்கள் பிள்ளைகள் விளக்குவதையும் கேட்டேன். "மூக்கு மாதிரி, அத்த. நம்ம மூக்குல சிமிட்டி போனா தும்மறோம்ல? இதுக்குத் தும்மத் தெரியாது." என் பாடத்தில் தும்மல் இல்லை. இப்போது சேர்த்துவிட்டேன்.

நடுவில் கிடா ஒருமுறை வந்தது. நேர்ந்து விட்ட கிடா நேர்ந்து விட்ட செடியைத் தின்னலாமா என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. எதிர்க்கட்சி டீக்கடையில் ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து அதன் மூக்குக்கு நேராகக் காட்டிக்கொண்டே பின்னால் நடந்து, ஏரிக்கரை வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். அவ்வளவுதான் தீர்ப்பு.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு ஒரு நாள்தான் எங்கள் பக்கத்து லாரிகளின் உண்மையான நிறம் தெரியும். பள்ளிக்கூடப் பூசைக்காக நான் முன்னதாகவே வந்திருந்தேன். ஓரத்துச் செடிகளை ஏற்கெனவே யாரோ வழித்துவிட்டிருந்தார்கள். எதிர்க்கட்சியின் அப்பா கழுவின டிப்பரை ரோட்டோரம் நிறுத்தி, ஒரு பையோடு இறங்கி வந்தார். வாட்டசாட்டமான மனுஷன். நேராக நடுச் செடிகளிடம் போனார். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதப்பா."

"ஏய், லாரிக்குத்தாண்டி. முன்னாடி கட்டுறதுக்குப் பெரிய பூவா வேணும். ஊர்ல எல்லாவனும் கட்டிட்டான்."

"அது வெதைக்கு நேர்ந்து விட்டது."

"யாரு நேர்ந்தா?"

"நாந்தான்."

அவர் கை நின்றுவிட்டது. இன்னொருவர் நேர்ந்ததில் கை வைப்பது பெரிய விஷயம். அதிலும் நாளெல்லாம் குவாரிப் பள்ளத்தில் வண்டி இறக்கி ஏற்றுகிறவர் வைக்க மாட்டார். என் பக்கம் திரும்பினார். "என்ன சார் இது, புள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்குறீங்க?"

"எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்று சொல்லி, கையில் இருந்த பொரியை வாயில் போட்டுக்கொண்டேன். வீரம் விஷயத்தில் நான் எப்போதும் சிக்கனம்.

அவர் வெறும் பையை உதறி மடித்தார். "பாத்துக்கிட்டே இரு. ஒங்க வெதயாவது, மொளைக்கறதாவது. இந்த எடத்துல என் லாரிதான் வந்து நிக்கப் போவுது."

"நிக்கட்டும் பாப்போம்" என்றாள் மகள். லாரி அன்றைக்குக் கடையில் வாங்கின ஒற்றை மாலையோடு போனது. அவள் அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு பூக்கள் வயதாக ஆரம்பித்தன. அந்த ஊர் அதுவரை பார்க்காத காட்சி. மஞ்சள் வெளுத்தது, விளிம்பு சுருங்கியது, பூவின் அடி மட்டும் தடித்துப் பழுப்பானது. டீக்கடை அக்காவுக்குத் தாங்கவில்லை. "கண்ணால பாக்க முடியல சார். கிள்ளிப் போட்டுடலாமா?" பிள்ளைகள் விடவில்லை. தினமும் ஒரு பூவை மட்டும் பிரித்துப் பார்ப்பார்கள். உள்ளே வெள்ளையாக, மெத்தென்று, நூல் நூலாக இருக்கும். "இன்னும் பால் பருவம் சார்" என்பார்கள், கதிரைச் சொல்வது போல. கரேல் என்று காய வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் வெயில் வேண்டும்.

ஐப்பசிக்கு அது தெரியவில்லை. ஒரு தூறலிலேயே சில பூக்கள் பூசணம் பிடித்து அழுகிப்போயின. அதற்கு அடுத்து ஒரு மத்தியானம் வானம் மொத்தமாக இருட்டியது. காற்று நின்றுபோனது. நான் கணக்கு ஆசிரியருக்குப் பதிலாகப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். யாருமே கேட்கவில்லை, எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிதாக ஒரு மழை அடித்தால் மீதிப் பூவும் அழுகிவிடும். அத்தோடு சரி.

எதிர்க்கட்சி என்னிடம் கேட்காமலேயே எழுந்து ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். கேட் வாசலில் நின்று ரோட்டை நோக்கி இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தாள். ஆலையில் கல்லைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாக அவளுடைய அப்பா வந்துகொண்டிருந்தார். பிரேக் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

"ஏண்டி, யாருக்கு என்ன ஆச்சு?"

"அப்பா, தார்ப்பாய் குடு!"

"எதுக்கு?"

அவள் செடிகளைக் காட்டினாள். அவர் வானத்தைப் பார்த்தார், செடிகளில் தொங்கின மஞ்சள் துணிகளைப் பார்த்தார், கடைசியாக மகளின் முகத்தைப் பார்த்தார். முதல் துளி விழுந்தது.

"நேர்ந்தத அழுக விட்டா குத்தமாயிடும்" என்று சொல்லிக்கொண்டே குதித்து இறங்கினார்.

"சாமி இல்லப்பா, வெத."

"எதுவோ ஒண்ணு! அந்தக் கயித்தப் பிடி!"

சுண்ணாம்புக்கல்லை மூடுகிற பெரிய தார்ப்பாய். ஒரு பக்கத்தைப் பள்ளிச் சுவர்க் கம்பியில் கட்டினார்கள். மறுபக்கம் கட்ட எதுவும் இல்லை. அவர் லாரியை ரோட்டை விட்டு இறக்கி, செடிகளுக்கு இந்தப் பக்கமாக, அந்த இடத்திலேயே ஒட்டி நிறுத்தி, கயிறுகளை லாரியின் கொக்கிகளில் இழுத்துக் கட்டினார். நடுவில் தொய்யாமல் இருக்க ஒரு மூங்கிலைக் கொடுத்து என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். சரியாக நான் பிடித்த மடிப்பில்தான் மழை மொத்தமும் சேர்ந்தது. கனம் தாங்காமல் மூங்கில் சாய, ஒரு குடம் தண்ணீர் என் தலையில் விழுந்தது. தெருப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அபிஷேகம் பூசாரிக்கும் நடந்துவிட்டது.

"சார், நீங்க அப்படிப் போயி நெழல்ல..." என்று ஒருவன் ஆரம்பித்தான். மழையில் நிழல் ஏது என்று அவனுக்கே தோன்றியதும் நிறுத்திக்கொண்டான்.

மழை விடவில்லை. குவாரியில் தண்ணீர் நின்றதால் மறுநாளும் லாரிக்கு வேலை இல்லை. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு டிப்பர் அங்கேயே நின்றது. மறுநாள் டீக்கடையில் அவர் டீ ஆற்றிக் குடிப்பதைப் பார்த்து நான் வம்புக்கு இழுத்தேன். "சொன்ன மாதிரியே ஒங்க லாரிதாங்க அந்த எடத்துல நிக்குது."

அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. "நிக்கிது சார். ஆனா என்ன வேலைக்கு நிக்கிது பாருங்க."

பிறகு நல்ல வெயில் அடித்தது. பூக்கள் முறுகிக் காய்ந்தன. "நேர்ந்தத என்னைக்கு வெட்டுறது?" என்று டீக்கடை அக்கா கேட்டதால், அறுவடை ஒரு விசேஷமாகிவிட்டது. தலைவரம்மாவும் வந்து நின்றார். எதிர்க்கட்சி முதல் பூவைக் கத்திரித்து, உள்ளங்கையில் வைத்துப் பிரித்தாள். கறுப்பாக, ஊசி ஊசியாக, நுனியில் வெளுத்த வாலோடு விதைகள் உதிர்ந்தன. பக்கத்தில் அன்று பறித்த புதுப் பூ ஒன்றையும் பிரித்து வைத்தாள். அதில் எல்லாம் வெள்ளை நூல்.

"மாலையில இருந்தது இது, அத்த" என்று வெள்ளையைக் காட்டினாள். "பச்சப் பிள்ளையாவே பறிச்சிடுறோம். அதான் மொளைக்கல."

மாலையை உதிர்த்துப் போட்ட அந்த அம்மா, பின் பெஞ்சுப் பையனின் அம்மா, குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத்தன வருசமா வெதயவா தலையில வச்சிக்கிட்டுத் திரிஞ்சோம்" என்றார். வீட்டுக்கு ஒரு சிட்டிகை விதை கொடுத்தார்கள். டீக்கடை அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தார்.

தலைவரம்மா மட்டும் அசரவில்லை. "வெத வந்துடுச்சு, சரி. மொளைக்கட்டும். அப்பறம் பேசுவோம்."

மார்கழியில் கொட்டாங்குச்சிகளில் மண் போட்டு ஆளுக்கொரு சிட்டிகை விதைத்தார்கள். என்னைத் தொடக் கூடாது என்று வகுப்பு ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. கெஞ்சிக் கேட்டு ஒரு கொட்டாங்குச்சி வாங்கினேன். அதைத் தனியாக ஜன்னல் கோடியில், மற்றதுக்குத் தொற்றாத தூரத்தில் வைத்தார்கள். எதிர்க்கட்சி பள்ளிக்கூடம் வந்ததும் பையைக்கூட இறக்காமல் போய்க் குனிந்து பார்ப்பாள். பேசுவதைக் குறைத்துவிட்டாள். அவளுக்குக் கேள்வி வராத நாட்கள் அவைதான்.

பிறகு ஒரு காலை நான் கேட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே உள்ளே கூச்சல் கேட்டது. கொட்டாங்குச்சி கொட்டாங்குச்சியாக, இரண்டிரண்டு இலையோடு பச்சை. ஏழெட்டில் மட்டும் ஒன்றுமில்லை. மற்ற எல்லாம் முளைத்திருந்தன. என்னுடையதும் முளைத்திருந்தது! நான் துள்ளிக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எதிர்க்கட்சி குனிந்து பார்த்து, இலையைக் கசக்கி மோந்து பார்த்தாள்.

"சார், இது தக்காளி."

பொங்கலுக்கு முன் தலைவரம்மா வந்தார். சுவரோரம் வரிசையாக வைத்திருந்த கொட்டாங்குச்சிகளைக் கடைசிவரை நடந்து பார்த்தார். டிரைவர்களையும் வரச் சொல்லியிருந்தார். அவர்களுக்கு ஏரிக்கரை ஓரமாக வேறு இடம் ஒதுக்குவதாகச் சொன்னார். யாரும் முனகக்கூட இல்லை. எதிர்க்கட்சியின் அப்பாதான் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார். "இங்க எவங்க நிறுத்துவான்? நேர்ந்து விட்ட எடம்." மகள் திருத்த வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அரசியலில் நல்ல எதிர்காலம் இருக்கிறது அவளுக்கு.

அடுத்த ஆடியில் அந்த விதையிலிருந்து வந்த நாற்றுகளை நட்டார்கள். நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன். பூத்தபோது எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சில அடுக்கு அடுக்காக, சில ஒற்றை இதழோடு, சில குட்டையாக, ஒன்றிரண்டு யாரும் எதிர்பார்க்காத சிவப்பில். ஏன் அப்படி என்று எதிர்க்கட்சி கேட்டாள். இப்போது அவள் ஏழாம் வகுப்பு. பதில் ஏழாம் வகுப்புப் பாடத்திலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சத்தியமாகப் படித்தேன்.

அந்த வருஷ ஆயுத பூசைக்கு முன்னால், ஓரத்தில் இருந்த ஒரு செடியில் புதிதாக ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்ததைக் கவனித்தேன். பெரிய பெரிய ஆரஞ்சுப் பூக்கள். விதைச் செடி வரிசையில் அது இல்லை.

"இது எதுக்கும்மா நேர்ந்து விட்டது?" என்று கேட்டேன்.

"லாரிக்கு சார்."

ஊரில் யாரும் அதைத் தொடவில்லை. ஆயுத பூசை அன்று காலையில் கழுவின டிப்பர் வந்து நின்றது. அவர் பையோடு இறங்கி வந்தார். மகள் இந்தத் தடவை குறுக்கே நிற்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டாள். அவர் ஒவ்வொரு பூவாக, காம்பு முறியாமல், பயந்து பயந்து பறித்தார். பை நிறைந்தது. செடியில் ஒரே ஒரு பூ, இருப்பதிலேயே பெரியது, மிச்சம் இருந்தது. அதற்கும் கையை நீட்டினார்.

"அப்பா."

"என்னடி?"

"அது ஒண்ண விட்டுடு. வெதைக்கு."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.